காற்று மெத்தை பஞ்சருக்கு சீம் கிரிப்: பசை பிரமாதம், அவசரத்துக்கு உதவாது

முகாம் மெத்தையில் விழும் ஊசிமுனை ஓட்டைக்கு கியர் எய்ட் நிறுவனத்தின் சீம் கிரிப் டபிள்யூபி பசையைத் தயங்காமல் வாங்கலாம். இது யூரிதேன் பசை. காய்ந்த பிறகும் வளையும், மெத்தையைச் சுருட்டினாலும் கூடவே மடங்கும். சூப்பர் க்ளூ இறுகி விறைத்துப்போய், சுருட்டும்போது விரிசல் விடும். சைக்கிள் கடை சொலூஷன் டியூப் ரப்பருக்கானது. மெத்தையின் டிபியூ (ஒரு வகை நெகிழும் பிளாஸ்டிக்) பூசிய நைலானில் சரியாகப் பிடிக்காது.

பசை எவ்வளவு நல்லதானாலும் ஓட்டை கிடைத்தால்தானே! முதலில் வால்வைப் பாருங்கள். அங்கே ஒரு மணல் துகள் சிக்கியிருந்தாலும் காற்று இறங்கும். வால்வில் கோளாறு இல்லையென்றால் மெத்தையை விறைப்பாக ஊதி, பாத்திரம் கழுவும் சோப்பை நான்கைந்து சொட்டு கலந்த தண்ணீரை ஸ்பாஞ்சால் தடவுங்கள். ஒரே இடத்தில் விடாமல் குமிழி வளர்ந்தால் அதுதான் ஓட்டை. பேனாவால் சுற்றி வட்டம் போட்டுவிடுங்கள், காற்று இறங்கிய பிறகு கண்ணுக்குத் தெரியாது. சோப்பைக் கழுவி, நன்றாக உலர்த்தி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். ஒட்டு உரிந்து வருவதற்குப் பெரும்பாலும் இந்த இடத்தில் பார்த்த அவசரம்தான் காரணம்: வியர்வை, சன்ஸ்கிரீன் எண்ணெய் எல்லாம் துணியிலேயே இருந்திருக்கும்.

காற்றை முழுக்க வெளியேற்றி, சமதரையில் விரித்து, ஒரு சொட்டு வைத்து ஓட்டையைச் சுற்றி அரை சென்டிமீட்டர் வரை பரப்புங்கள். உள்ளே காற்று மிச்சமிருந்தால் ஈரப்பசையைத் துளைத்துக்கொண்டு வரும்; அந்தக் குமிழியே புது ஓட்டையாகிவிடும். கிழிசல் என்றால் பசை மட்டும் போதாது, மேலே துணி ஒட்டும் வைக்க வேண்டும்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிது: காய 8 முதல் 12 மணி நேரம். காற்றிலுள்ள ஈரத்தை வைத்துத்தான் இது இறுகுகிறது, அதனால் வறண்ட குளிரில் இன்னும் இழுக்கும். மலைமேல் இரவு ஒன்பது மணிக்கு மெத்தை தொய்ந்தால் இது கைகொடுக்காது. அதற்கு அதே நிறுவனத்தின் டெனேஷியஸ் டேப் ஒரு துண்டு பையில் இருக்கட்டும். மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டினால் எளிதில் கிளம்பாது.

28 கிராம் டியூப் மலிவாகத் தெரியும், வாங்காதீர்கள். திறந்த டியூப் ஈரக்காற்று பட்டு உள்ளேயே கல்லாகும். 7 கிராம் இரட்டை டியூப் பேக் போதும்; திறந்ததை காற்றுப் பிதுக்கி மூடி, ஃப்ரீசரில் வையுங்கள். கடையில் பக்கத்திலேயே சீம் கிரிப் எஸ்ஐஎல் இருக்கும், மாற்றி எடுத்துவிடாதீர்கள்; அது சிலிகான் பூசிய கூடாரத் துணிக்கு.

மெத்தைக்குள் இருக்கும் தடுப்புச்சுவர் பிய்ந்து ஓரிடம் பலூனாக உப்பினால் எந்தப் பசையாலும் ஆகாது. வாரண்டி இருக்கிறதா என்று பில்லைத் தேடுங்கள்.