ஹோபி 16ஆ, ஹோபி வேவா? மும்பைக் கடலுக்கு எது சரி

மும்பையில் கேட்டமரன் (இரண்டு உடல்களைக் குறுக்கே இணைத்த பாய்மரப் படகு) வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது படகின் மூக்கை. வேகம், விலை எல்லாம் அப்புறம்.

ஹோபி 16 அருமையான படகு. ஹோபி ஆல்ட்டர் வடிவமைத்தது, 5 மீட்டர் நீளம், சுமார் 145 கிலோ, நல்ல காற்று கிடைத்தால் பறக்கும். அடியில் இறக்குகிற பலகை கிடையாது, இரண்டு ஹல்களின் (படகு உடல்களின்) வளைவே பக்கவாட்டில் நழுவாமல் பிடித்துக்கொள்கிறது, அதனால் நேராக மணலில் ஏற்றிவிடலாம். பிரச்சினை முன்பக்கத்தில். அங்கே ஹல் ரொம்ப மெலிசு. காற்று தள்ளுவது மேலே பாயில், தண்ணீர் பிடித்து இழுப்பது கீழே ஹல்லில், இரண்டும் சேர்ந்து மூக்கை அழுத்தும்போது அதைத் திருப்பித் தூக்க அந்த இடத்தில் மிதப்பு போதாது. தட்டையான மேல்தளம் முங்கியதும் தண்ணீர் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், படகு சட்டென்று நிற்கும், பாய்மரமும் ஆட்களும் அதே வேகத்தில் முன்னால் போக, மொத்தப் படகும் குட்டிக்கரணம் அடிக்கும். இதுதான் பிட்ச்போல். பின்பக்கக் காற்றில் ஓடும்போது இந்த ஆபத்து அதிகம், பயிற்சியாளர் "பீச்சே ஆவோ, பீச்சே!" (பின்னால் வா) என்று கத்திக்கொண்டே இருப்பது இதற்குத்தான், ஆட்களின் எடை பின்னால் போனால் மூக்கு கொஞ்சம் எழும்பும்.

ஹோபி வேவ் வேறு மாதிரி. மொரெல்லி அண்ட் மெல்வின் நிறுவனத்தின் வடிவமைப்பு, 4 மீட்டர்தான், ஒற்றைப் பாய், பிளாஸ்டிக் ஹல், வேகம் குறைவு. ஆனால் மூக்கு நல்ல பருமன். மாண்ட்வா ஃபெர்ரி கிளப்பிவிட்ட அலையில் இடப்பக்க மூக்கு முழுசாக உள்ளே போனதை நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன், ஒரு கணம்கூட நிற்காமல் தண்ணீரை இரண்டு பக்கமும் வழியவிட்டு மேலே வந்துவிட்டது. அந்த நம்பிக்கைதான் பழகுகிறவருக்கு வேண்டும்.

ரேஸ் ஓட்ட ஆசையா? அப்போது ஃபார்முலா 18 வகை கேட்டமரனைப் பாருங்கள். 5.52 மீட்டர் நீளம், முன்பக்கத்திலும் நல்ல மிதப்பு, தளம் உருண்டையாக இருப்பதால் முங்கினாலும் தண்ணீர் தங்காது.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு வேவ், கைப்பழக்கம் வந்து துணைக்கு ஒரு ஆளும் இருந்தால் 16. பழைய 16 வாங்குவதாக இருந்தால் முன் குறுக்குச் சட்டத்துக்கு முன்னால் மேல்தளத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று அமுங்கினால் உள்ளே இருக்கும் ஃபோமின் ஒட்டு விட்டுப்போயிருக்கிறது, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.