காசு போட்டு ஓட்டும் மெஷினா, போர்ஷனுக்கு ஒரு பாயிண்டா?

சென்னை மேடவாக்கம் பக்கம் ஆறு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறேன். "வாஷிங் மெஷின் வைக்க இடம் இருக்கா சார்?" என்று கேட்காமல் இப்போது யாரும் அட்வான்ஸ் பேசுவதில்லை. மொட்டைமாடியில் பொதுவாக ஒரு மெஷின் வைத்துத் தடவைக்கு இவ்வளவு என்று வசூலிக்கலாம். இல்லையென்றால் ஒவ்வொரு போர்ஷனிலும் குழாய், அழுக்குத் தண்ணீர் வெளியேற டிரெய்ன், 16 ஆம்ப் பிளக் பாயிண்ட் மட்டும் கொடுத்துவிட்டு மெஷினை அவர்களையே கொண்டுவரச் சொல்லலாம். நான் இரண்டாவதைத்தான் செய்தேன்.

நாணயம் போடுகிற பெட்டி நம் ஊருக்குச் சரிப்படாது. 10 ரூபாய் நாணயத்தின் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018இல் சொல்லியும், அதை நீட்டினால் முகம் சுளிக்கிற கடைகள் இருந்தன. வசூலிப்பதானால் க்யூஆர் ஒட்ட வேண்டியதுதான். அது பெரிய விஷயமில்லை.

பெரிய விஷயம் பராமரிப்பு. எங்கள் போர் தண்ணீர் நல்ல உப்பு. மெஷினுக்குப் பின்னால் தண்ணீர் ஹோஸைக் கழற்றினால், விரல் நுனி அளவில் ஒரு சின்ன வலை இருக்கும். கொஞ்ச நாள் விட்டால் வெள்ளை மணலாக அடைத்துக்கொள்ளும். தண்ணீர் நூலாக இறங்கும், மெஷின் பாதியில் நின்று எரர் காட்டும். குறடால் வலையை இழுத்து, சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்துக் கழுவினால் சரியாகிவிடும். சொந்த மெஷின் என்றால் இதை யாராவது செய்வார்கள். பொது மெஷின் என்றால் வீட்டுக்காரருக்குப் போன் வரும். டிரெய்ன் பம்பில் சேஃப்டி பின் சிக்கினால் ஆறு வீட்டிலும் "நாங்க இல்லை" என்பார்கள். ஃப்ரன்ட் லோடில் ஹீட்டர் வேறு. சூடு பட்டால் உப்பு இன்னும் வேகமாகப் படியும். வீட்டு உபயோக மெஷினைக் காசு வாங்கிக்கொண்டு ஓட்டினால் வாரண்டியும் பொதுவாகச் செல்லாது. அதற்கென்றே செய்த கமர்ஷியல் மெஷின் விலைக்கு ஆறு வீட்டு வசூல் கட்டுப்படியாகாது. வீட்டு மீட்டரில் காசுக்குத் துவைக்கலாமா என்ற கரண்ட் விவகாரம் தனி.

என் வழியிலும் ஒரு நஷ்டம் உண்டு. காசு கொடுக்கிறவர் துணி சேரட்டும் என்று காத்திருப்பார். சொந்த மெஷின்காரர் இரண்டு சட்டைக்கும் சுவிட்சைத் தட்டுவார். டாப் லோடு ஒரு முழுத் துவையலுக்கு 100 லிட்டரைத் தாண்டும். தண்ணீர் என் சம்ப்பிலிருந்து. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது. லாரித் தண்ணீர் வாங்கும் மாதங்களில் அந்தச் செலவைப் பங்கிட்டுக்கொள்வோம் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டேன். முணுமுணுப்பு இருந்தாலும் கொடுக்கிறார்கள்.

இதெல்லாம் குடும்பங்களை வைத்துச் சொல்வது. முப்பது நாற்பது பேர் இருக்கும் ஹாஸ்டல் நான் நடத்தியதில்லை. அங்கே அறைக்கு ஒரு மெஷின் நடக்காது. மெஷினையும் ரிப்பேரையும் தானே பார்த்துக்கொண்டு வசூலில் பங்கு தருகிற ஆள் கிடைத்தால், காசு மெஷினே மேலாக இருக்கலாம்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் பூச்சு வேலைக்கு முன்பே டிரெய்ன் லைனை இழுத்துவிடுங்கள். அதில் ட்ராப் (தண்ணீர் தேங்கி நின்று குழாயை அடைக்கும் வளைவு) வைக்கப் பிளம்பரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நாற்றமும் கரப்பானும் அந்தக் குழாய் வழியாகவே வீட்டுக்குள் வரும்.