பிரெட்னிசலோனா, டோஃபாசிட்டினிபா?

காலையில் எழுந்ததும் காபி தம்ளரைப் பிடிக்க விரல் மடங்காது. ஒரு மணி நேரம் போனால்தான் கை இளகும். முடக்குவாதக்காரர்களுக்கு இது தினசரிப் பாடு. மூட்டுச் சவ்விலுள்ள செல்களில் சில படியெடுத்தல் காரணிகள், அதாவது மரபணுக்களை இயக்கும் புரதங்கள், டி.என்.ஏ.வில் உட்கார்ந்துகொண்டு, அழற்சி மரபணுக்களை ஓயவிடாமல் இயக்குவது முக்கியக் காரணம். அவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும்: 1986இல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் அறிவித்த என்.எஃப்.கப்பா-பி ஒன்று, ஸ்டாட் குடும்பம் மற்றொன்று. தலைப்பிலுள்ள இரண்டு மாத்திரைகளும் இவற்றைத்தான் வெவ்வேறு வழியில் அடக்குகின்றன.

பிரெட்னிசலோன் செல்லுக்குள்ளேயே நுழைந்து குளுக்கோகார்டிகாய்டு ஏற்பி என்ற புரதத்தைப் பற்றுகிறது. அந்த ஏற்பியே ஒரு படியெடுத்தல் காரணிதான். உட்கருவுக்குள் போய் கப்பா-பியை மடக்குகிறது. முள்ளை முள்ளால் எடுக்கும் வைத்தியம். வேகத்தில் இதற்கு நிகரில்லை. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், நடக்கவே திணறிய 29 வயதுப் பெண்ணுக்கு இதன் முன்னோடியான கார்டிசோனைச் செலுத்தினார்கள். சில நாட்களில் அவர் எழுந்து கடைத்தெருவுக்குப் போய்வந்தார். 1950இல் கார்டிசோன் ஆய்வாளர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

கோளாறும் அங்கேயே இருக்கிறது. அதே ஏற்பி கல்லீரலில் சர்க்கரை தயாரிக்கும் மரபணுக்களையும் தட்டி எழுப்பும். முகம் உப்பும், எலும்பு தேயும். மாதக்கணக்கில் விழுங்கிவிட்டுத் திடீரென நிறுத்தினால், இதே வகை இயக்குநீரை உடலில் இயல்பாகச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி சோம்பிப்போய்க் கைவிட்டுவிடும். பழைய சீட்டை நீட்டி மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டே இருப்பவர்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டோஃபாசிட்டினிப் உட்கருப் பக்கமே போவதில்லை. இன்டர்லூக்கின்-6 போன்ற சைட்டோகைன்கள், அதாவது செல்களுக்கிடையே அழற்சிச் செய்தி சுமக்கும் புரதங்கள், செல்லின் வெளிப்புறமுள்ள ஏற்பிகளைத் தட்டும்போது, உட்புறமுள்ள ஜாக் நொதிகள்தான் ஸ்டாட்டுக்குப் பாஸ்பேட் ஒட்டி உள்ளே அனுப்பும். அந்த நொதிகளை இது முடக்குகிறது. டி.என்.எஃப். என்ற இன்னொரு சைட்டோகைன் ஜாக் வழியில் வருவதில்லை. அது வேறு வழியில் கப்பா-பியைத் தூண்டும். ஆனாலும் டி.என்.எஃப். கிளப்பிவிடும் இரண்டாம் அலை ஜாக் வழியாகத்தான் வருகிறது என்பதால் மருந்து பலிக்கிறது.

சர்க்கரை, எலும்புத் தொல்லை இதில் குறைவு. அதற்காகச் சாது என்று எண்ணிவிடக் கூடாது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன, இதயநோய் அபாயமுள்ள 4,362 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2022இல் வெளிவந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை டோஃபாசிட்டினிப் எடுத்தவர்களில் 3.4 சதவீதம், டி.என்.எஃப்.பை அடக்கும் ஊசி மருந்து போட்டவர்களில் 2.5, புற்றுநோய் 4.2க்கு 2.9. அக்கியும் கூடுதலாக வரும். நம் ஊரில் காசநோய்ப் பரிசோதனை செய்யாமல் தொடங்கவே கூடாது.

என் கணக்கு இது. நோய் புதிதாகத் தெரிந்து, முடக்குவாதத்தின் அடிப்படை மருந்தான மெதோட்ரெக்சேட் பிடிக்க வாரங்கள் ஆகும் என்றால், அந்த இடைவெளிக்குக் குறைந்த அளவு பிரெட்னிசலோன். பிறகு படிப்படியாகக் குறைத்து விடைகொடுப்பது. மெதோட்ரெக்சேட் தோற்றுவிட்டால், புகை பழக்கமில்லாத நாற்பது வயதுக்காரருக்கு டோஃபாசிட்டினிபைத் தயங்காமல் கேட்கலாம். எழுபதை நெருங்கும், பீடி விடாத பெரியவருக்கு இரண்டுமே வேண்டாம். மருத்துவரிடம் மேலே சொன்ன டி.என்.எஃப். ஊசி மருந்தைப் பற்றிப் பேசுங்கள்.