ஃபீனம் 300இ-யா, சிஜே4-ஆ? விமானி இருக்கையிலிருந்து ஒரு பார்வை

இரண்டும் சிறிய வணிக ஜெட் விமானங்கள். இரண்டையும் ஒரு விமானியே தனியாக ஓட்டலாம், இரண்டும் 45,000 அடி வரை ஏறும், அதனால் சண்டையெல்லாம் காக்பிட்டில்தான். எம்ப்ரேயரின் ஃபீனம் 300இ-யில் கார்மின் ஜி3000 என்ற மின்னணுக் காக்பிட் அமைப்பை அடிப்படையாகக் கொண்ட மூன்று பெரிய திரைகள், கீழே தொடுதிரைகள். பறக்கும் வழி திடீரென மாறினால் நாலு தட்டலில் முடிந்துவிடும். செஸ்னா சிஜே4-இல் வருவது காலின்ஸ் ப்ரோ லைன் 21 என்ற அமைப்பு. பொத்தான் விசைப்பலகை, பழைய பாணிதான், ஆனால் காற்றுக் குலுக்கலில் தொடுதிரையில் விரல் வழுக்கும்போது இந்தப் பொத்தான்களின் அருமை தெரியும்.

ஓட்டுவதில் சிஜே4 சாது. லேசாகப் பின்சாய்ந்த இறக்கைதான், மெதுவான வேகத்திலும் முரண்டு பிடிக்காது. ஃபீனமில் பலரும் முணுமுணுப்பது பிரேக் பற்றி: மின்கம்பி வழி இயங்குவதால் காலுக்குப் பிடிமான உணர்வு கிடைக்காது, புதிதாக வருபவர் கொஞ்சம் அழுத்தமாக மிதித்தால் பின்னால் இருப்பவர் காபி சட்டையில்தான்.

கேபின் என்றால் ஃபீனம்தான், சந்தேகமே வேண்டாம். உயரம் 4 அடி 11 அங்குலம், சிஜே4-இல் 4 அடி 9. அப்புறம் கழிவறையை வெளியிலிருந்தே சுத்தம் செய்யலாம். இதன் மதிப்பு விமானிக்குத்தான் தெரியும்!

சிஜே4 தூரத்தில் சற்று முன்னால், சுமார் 2,165 கடல் மைல். எனக்கு முதலாளி பின்னால் உட்கார்ந்தால் ஃபீனம், நானே ஓட்டி நானே போவதென்றால் சிஜே4.