பழைய சான்ட்ரோவுக்கு வீல் அலைன்மென்ட்: மூலக்கடைப் பக்கத்துப் பட்டறை

என்னிடம் இருப்பது 2007ஆம் ஆண்டில் வாங்கிய சான்ட்ரோ. வீடு சென்னைத் தண்டையார்பேட்டையில், வேலை எண்ணூரில் என்பதால் அதன் ஓட்டம் பெரும்பாலும் எண்ணூர் விரைவுச் சாலையில்தான். கன்டெய்னர் லாரிகளின் பாரத்தில் அமுங்கி நெளிந்து கிடக்கும் அந்தச் சாலையில் எந்தக் காரின் முன்சக்கரங்களும் நெடுநாள் நேராக நிற்பதில்லை. சென்ற ஆண்டு முழுவதும் வண்டி இடப்பக்கமாக இழுத்துக்கொண்டே இருந்தது. இடப்பக்கமாகச் சரியும் சாலையில் வண்டி சற்று இடதுபுறம் ஒதுங்குவது இயல்பே. ஆனால் ஸ்டியரிங்கைக் கால் வட்டம் வலப்புறம் திருப்பிப் பிடித்தால்தான் நேராகப் போகும் என்பது இயல்பன்று.

இதற்காக வேறொரு கடையில் ஒரே ஆண்டில் இருமுறை அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் வேலை, செய்தேன். இரண்டாம் முறை, கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு) சரியில்லை, அதற்குச் சக்கரத்துக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் கேட்டு, ஹைட்ராலிக் ஜாக்கி கொடுத்து வளைக்க முற்பட்டார்கள். நான் மறுத்துவிட்டேன். கேம்பரைச் சரிசெய்ய என் வண்டியில் திருகு ஏதும் இல்லை. அளவு பிசகியிருந்தால் ஏதோ ஒரு பாகம் தேய்ந்திருக்கிறது அல்லது கோணியிருக்கிறது என்றே பொருள். அந்தப் பாகத்தை விட்டுவிட்டு நல்ல இரும்பை வளைப்பது எந்த வகை வைத்தியம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அலுவலக நண்பர் ஒருவர் சொல்லித்தான் மூலக்கடைக்கு அப்பால், ஜி.என்.டி. சாலையை ஒட்டிய இந்தப் பட்டறைக்குப் போனேன். முதல் நாள் வண்டியை அளவெடுக்கும் இயந்திரத்தின் அருகிலேயே கொண்டுபோகவில்லை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை இடமும் வலமும் பிடித்து ஆட்டிப் பார்த்தார்கள். அப்படி ஆட்டும்போது கடகடத்தால், ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியின் முனையான டை ராடு எண்டில் தேய்மானம் இருக்க வாய்ப்புண்டு. பிறகு மேலும் கீழும் பிடித்து ஆட்டி, சக்கரத்தைத் தாங்கும் மூட்டான பால் ஜாயின்ட்டையும் பேரிங்கையும் சோதித்தார்கள். கடைசியாக, சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்முக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பியபோது இடப்பக்கத்துப் புஷ் (ஆர்மின் மூட்டில் உள்ள ரப்பர் உறை) விரலளவு நகர்ந்ததை என்னையே குனிந்து பார்க்கச் சொன்னார், அங்கே மூத்தவராக இருப்பவர். "புஷ் போன வண்டிக்கு அலைன்மென்ட் போட்டுக் காசு வாங்கினா அது எனக்குத்தான் பாவம் சார். மாத்திட்டு வாங்க" என்று சொல்லி, அன்றைக்கு ஒரு ரூபாயும் வாங்காமல் அனுப்பிவிட்டார். பாகங்களை, உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. சாலையில் நீங்களே வாங்கி வந்தாலும் சரி என்றார், அப்படியே வாங்கினேன்.

இரண்டு புஷ்களும் இரண்டு டை ராடு எண்டுகளும் மாற்றிய பிறகுதான் அளவெடுப்பு. முதலில் நான்கு டயர்களிலும் காற்றைச் சரிபார்த்தார்கள். சக்கரங்களில் கோணத்தை அளக்க உதவும் பலகைகளை மாட்டி, ரிம்மில் உள்ள கோணலை இயந்திரம் கழித்துக்கொள்வதற்காக வண்டியை முன்னும் பின்னும் உருட்டினார்கள். திரையில் இரண்டு முன்சக்கரங்களும் ஒவ்வொன்றும் 0.45 டிகிரி வெளிநோக்கித் திரும்பியிருந்தன. சொல்லும்போது அது சிறிய எண்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால், வண்டி 1 கிலோமீட்டர் ஓடும்போது டயர் ஏறத்தாழ 8 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுவதற்கு ஒப்பாகும். முன் டயர்களின் உள்விளிம்பு சீவியதுபோல் தேய்ந்திருந்ததன் காரணம் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

டை ராடு எண்டுகளை மாற்றும்போதே சிரமம் அவற்றை இறுக்கிப் பிடிக்கும் லாக் நட்டில் இருந்தது. கடற்காற்றில் துருப்பிடித்து இறுகிக் கிடந்த அதைக் கழற்றுவதற்கே எண்ணெய் விட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். அவசரப்பட்டு ஸ்பேனரில் குழாய் செருகித் திருகும் பழக்கம் அங்கே இல்லை. அளவைத் திருத்தும்போது ஸ்டியரிங்கை நடுவில் நிறுத்திக் கட்டிவிட்டு, இரண்டு பக்கத்து ராடுகளையும் சமமாகத் திருப்பினார்கள். ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் அளவு வந்துவிடும், ஆனால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். ராடை மூடியிருக்கும் ரப்பர் பூட் ராடோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளாதபடி அதன் கிளிப்பைத் தளர்த்தி வைத்ததையும் கவனித்தேன். புஷ் மாறியதாலேயே கேம்பரில் இரு பக்கத்துக்கும் இருந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. எதையும் வளைக்கத் தேவைப்படவில்லை.

அலைன்மென்ட்டுக்கு 500 ரூபாயும் பாகங்களை மாற்றிய கூலிக்கு 1,200 ரூபாயும் ஆயின. முன்பு இருமுறை கொடுத்ததோடு ஒப்பிட்டால் இதை அதிகம் என்று சொல்ல மாட்டேன்.

குறைகளும் உண்டு. உட்கார இடமில்லை, லாரிப் புழுதியில் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைக் கேட்டால்தான் அச்சிட்டுத் தருகிறார்கள். கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, மேற்பார்வை முழுவதும் அந்த ஒருவரையே நம்பியிருக்கிறது. அவர் வெளியே போயிருந்த வேளையில் வந்த ஒரு வண்டிக்கு, ஜாக்கி போடாமலே பையன்கள் பலகை மாட்டியதை என் கண்ணால் பார்த்தேன். ஆகவே அவர் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுப் போவதே முறை.

மூன்று மாதங்கள் ஆகின்றன. இழுப்பு நின்றுவிட்டது, ஸ்டியரிங் நேராக நிற்கிறது. சீவிய முன் டயர்களின் உறுமல் மட்டும் மிச்சம். அவற்றை மாற்றும்வரை அது போகாது என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார், போகவும் இல்லை.