முழுக் கறுப்புத் திரையைக் காட்டி ஏமாற்றினார்கள்: டிவி வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 14 மாதச் சேமிப்பைக் கொட்டி வாங்கிய டிவி கூடத்தில் நிற்கிறது. கடையில் சொன்ன பொருள் வேறு, வீட்டுக்கு வந்த பொருள் வேறு. திருப்பி எடுக்க மாட்டோம் என்று இன்று காலையில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். கடையின் பெயரை எழுதவில்லை. பல கிளைகள் உள்ள பெரிய மின்பொருள் கடை, அவ்வளவு போதும்.

அம்மாவுக்காகத்தான் வாங்கினேன். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் என்றால் அவருக்கு உயிர். கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, சின்னத் திரையில் முகங்கள் பிடிபடவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இருட்டுக் காட்சிகள் நன்றாகத் தெரிய வேண்டுமானால் ஓஎல்இடி வாங்கு என்றார் விவரம் தெரிந்த நண்பர். அதில் திரைக்குப் பின்னால் விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். கறுப்பு வேண்டிய இடத்தில் அந்தப் புள்ளி அணைந்துவிடும். இவ்வளவையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கடைக்குப் போனேன். தெரிந்துகொண்டு போயும் ஏமாந்தேன் என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

விற்பனையாளர் பொறுமையாகப் பேசினார். ஓஎல்இடி வேண்டும் என்றேன். “அதைவிடப் புதியது இது சார், க்யூஎல்இடி. இதிலும் ஒவ்வொரு புள்ளியும் தானாகத்தான் எரியும். ஆனால் ஓஎல்இடி போல, அசையாமல் நிற்கும் படத்தின் தழும்பு நாளடைவில் திரையில் விழாது” என்றார். நான் தயங்கினேன். உடனே ரிமோட்டை எடுத்து எதையோ அழுத்தினார். திரை முழுவதும் கறுப்பானது. இரண்டு கைகளையும் திரைமேல் குவித்துப் பிடித்து, “உள்ளே பாருங்கள், துளி வெளிச்சம் தெரிகிறதா?” என்று கேட்டார். குனிந்து பார்த்தேன். தெரியவில்லை. “என் வீட்டிலும் இதுதான் சார் ஓடுகிறது” என்றார். கண்ணால் பார்த்த பிறகு என்ன சந்தேகம் என்று பணத்தைக் கட்டிவிட்டேன். ஓஎல்இடிக்குக் கொடுக்க வைத்திருந்த தொகை, 14 மாதச் சேமிப்பு, அந்த ஒரு நிமிடத்தில் கைமாறியது.

அன்று இரவே அம்மாவுக்குப் பிடித்த படத்தைப் போட்டேன். பழைய படம் அகலம் குறைவு என்பதால் திரையின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அந்தப் பட்டைகள் சாம்பல் நிறத்தில் மினுங்கின. கீழ் மூலைகளில் யாரோ டார்ச் அடிப்பது போல வெளிச்சம். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ராத்திரி ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கிறது?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இப்போது தெரியும். க்யூஎல்இடி என்று விற்கப்படுவது எல்சிடி திரைதான். அதிலுள்ள திரவப் படிகம் தானாக ஒளி தராது. பின்னால் எரியும் விளக்கின் ஒளியை எங்கே விடுவது, எங்கே மறைப்பது என்பது மட்டுமே அதன் வேலை. மறைப்பதும் முழுதாக நடக்காது, கொஞ்சம் கசியும். பெயரிலுள்ள க்யூ குறிப்பது க்வாண்டம் புள்ளிகளை. மிக நுண்ணிய இந்தத் துகள்கள் நீல ஒளியை வாங்கித் தூய சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றுகின்றன. அருமையான கண்டுபிடிப்பு, 2023இல் வேதியியல் நோபல் பரிசே அதற்குத்தான் கிடைத்தது. அந்தத் தொழில்நுட்பத்தின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் அது நிறத்துக்கானது. கறுப்பைக் கறுப்பாக்குவது அதன் வேலை இல்லை. என் டிவியில் விளக்குகள்கூடத் திரைக்குப் பின்னால் பரவலாக இல்லை, கீழ் விளிம்பில் மட்டும் வரிசையாக இருக்கின்றன.

அப்படியானால் கடையில் நான் பார்த்த கறுப்பு? படம் முழுக்கக் கறுப்பாக வந்தால் இந்த டிவி மொத்த விளக்கையும் அணைத்துவிடும். அணைந்த டிவியைக் காட்டித்தான் என்னை நம்ப வைத்தார். ஒரே ஒரு வரி எழுத்து திரையில் வந்திருந்தால் விளக்கு எரிந்து குட்டு வெளிப்பட்டிருக்கும்.

மறுநாளே தொலைபேசியில் அழைத்தேன். “புதிய திரை சார், 100 மணி நேரம் ஓடினால் சரியாகிவிடும்” என்றார்கள். நம்பி ஓட்டினேன். திருப்பிக் கொடுப்பதற்கான 7 நாள் கெடு அதற்குள் முடிந்துபோனது. பிறகு ஒரு தொழில்நுட்பர் வந்தார், நண்பகலில், சன்னல்கள் எல்லாம் திறந்திருக்கும்போது. இரவில் வாருங்கள் என்று சொல்லியிருந்தேன், காதில் வாங்கவில்லை. இரண்டு படம் எடுத்துக்கொண்டு, “வரையறைக்குள்தான் இருக்கிறது” என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். இன்று காலையில் மேலாளர் கேட்ட கேள்வி: “பெட்டியில் க்யூஎல்இடி என்றுதானே போட்டிருக்கிறது? ஓஎல்இடி என்று நாங்கள் எழுதிக் கொடுத்தோமா?” எனக்கு விற்றவர் இப்போது வேறு கிளையில் இருக்கிறாராம். 14 மாதச் சேமிப்புக்கு இதுதான் பதில்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் இருந்த 120ஐயும் பிறகுதான் ஆராய்ந்தேன். அது அசைவு எவ்வளவு சீராகத் தெரியும் என்று காட்ட டிவியைத் தயாரித்தவர்களே வைத்துக்கொண்ட எண். திரை உண்மையில் 60 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 60 முறைதான் படத்தைப் புதுப்பிக்கும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. அவசரமாகச் சில மட்டும். க்யூ என்ற எழுத்தையும் ஓ என்ற எழுத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முழுக் கறுப்புத் திரையைச் சோதனையாக ஏற்காதீர்கள். கறுப்புப் பின்னணியில் சின்ன வெள்ளைப் புள்ளி உள்ள படத்தை யூஎஸ்பியில் எடுத்துப்போய்ப் போடச் சொல்லுங்கள், புள்ளியைச் சுற்றிக் கறுப்பு வெளுக்கிறதா என்று பாருங்கள். எல்சிடிதான் வாங்குகிறீர்கள் என்றால் விளக்கு விளிம்பில் இருக்கிறதா, திரை முழுக்கப் பின்னால் இருக்கிறதா என்று கேளுங்கள். ஹெர்ட்ஸ் எண்ணைத் திரையின் விவரப் பட்டியலில் தேடுங்கள், பெட்டியின் முகப்பில் வேண்டாம். விற்பவர் வாயால் சொல்வதை ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். டிவி வந்த முதல் இரவே அறை விளக்கை அணைத்துவிட்டு இருட்டுக் காட்சி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். 100 மணி நேரம் ஓடட்டும் என்று யாராவது சொன்னால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள், கெடு ஓடிக்கொண்டிருக்கும்.