காலிக் கூடு எங்கே விழுகிறது: .308-இல் நான்கு ரைஃபிள்கள்

சான் அன்டோனியோவுக்குக் கிழக்கே, செகீன் ஊரைத் தாண்டி நண்பர் ஒருவருக்கு மேய்ச்சல் நிலம் இருக்கிறது. காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்று இறங்கினால் போதும், விடிவதற்குள் ஏர் பூட்டி உழுதது மாதிரி ஆகிவிடும். 2019 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் தனியார் நிலத்துக் காட்டுப்பன்றிக்கு வேட்டை உரிமம் வேண்டாம், நிலத்துக்காரரின் அனுமதி போதும். அப்படித்தான் வார இறுதிகளில் ஏஆர்-15 ரைஃபிளை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். சின்னப் பன்றிகளுக்கு .223 தோட்டா சரி. பெரிய ஆண் பன்றி ஒன்று தோளில் அடி வாங்கிக்கொண்டு முட்புதருக்குள் ஓட, விடியும்வரை டார்ச்சோடு தேடிய இரவுக்குப் பிறகு பெரிய கேலிபருக்கு, அதாவது பெரிய தோட்டா அளவுக்கு, மாறத் தீர்மானித்தேன். ஒரு உயிரைக் காயத்தோடு விட்டுவிட்டு வீடு திரும்புவது எனக்குத் தாங்கவில்லை.

எந்தக் கேலிபர் என்பதில் அதிகம் யோசிக்கவில்லை. .308 வின்செஸ்டர் 1952-இல் வந்தது. எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். .223-இன் வழக்கமான குண்டு 55 கிரெய்ன் (குண்டின் எடையை அளக்கும் அலகு) என்றால் இதில் 150 கிரெய்ன்; குழலை விட்டுக் கிளம்பும்போது உள்ள ஆற்றல் சுமார் இரண்டு மடங்கு. தொலைவில் 6.5 க்ரீட்மோர் என்ற தோட்டா இதைவிட நன்றாகப் பறக்கும், உண்மைதான். நாங்கள் சுடுவதெல்லாம் 200 கஜத்துக்குள். செமி ஆட்டோ (விசையை இழுக்க இழுக்க ஒவ்வொரு குண்டாகச் சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்வது) ஏன் என்பதற்கும் நீண்ட விளக்கம் தேவையில்லை. பன்றி தனியாக வராது, முதல் குண்டு சரியாகப் படாவிட்டால் இரண்டாவது உடனே போக வேண்டும்.

பார்த்த ரைஃபிள்கள் நான்கு: எம்1ஏ, எஃப்ஏஎல், ஜி3 வகையைச் சேர்ந்த பிடிஆர்-91, ஏஆர்-10. வாங்கியது ஏஆர்-10. சாய்வு அந்தப் பக்கம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

குறி, எடை, தோற்றம் பற்றியெல்லாம் நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள். ஸ்கோப் ஏற்றிப் படுத்துச் சுட்டால் நான்கும் பன்றி வேட்டைக்குப் போதுமான குறி தரும். எடையும் ஏறக்குறைய நாலு கிலோ. எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: சுட்ட பிறகு வெளியே விழும் பித்தளைக் கூட்டை ஒவ்வொரு துப்பாக்கியும் என்ன பாடு படுத்துகிறது என்பது.

காரணம் செலவுதான். பயிற்சித் தோட்டாவே ஒன்று ஒரு டாலரை ஒட்டி நிற்கிறது, நல்ல வேட்டைத் தோட்டா அதைத் தாண்டிப் போகும். அதனால் சுட்ட கூட்டையே மறுபடி நிரப்பித் தோட்டாவாக்கும் ரீலோடிங் செய்கிறேன். தோட்டாவில் கூடு, பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), மருந்து, குண்டு என்று நான்கு உறுப்புகள். திரும்பக் கைக்கு வருவது கூடு மட்டும். ஒரு கூடு இரண்டு முறை தாங்குகிறதா, ஆறு முறை தாங்குகிறதா என்பது துப்பாக்கியின் விலையில் தெரியாது. மூன்று வருஷம் கழித்துக் கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியும். 2020-21 தட்டுப்பாட்டில் கடைகளில் தோட்டா அலமாரி காலியாக இருந்தபோது, டப்பாவில் சேர்த்து வைத்திருந்த கூடுகளால்தான் மாதம் ஒருமுறையாவது சுடுதளத்துக்குப் போக முடிந்தது.

முதலில் ஜி3. 1959-இல் ஜெர்மன் ராணுவம் எடுத்துக்கொண்ட ரைஃபிள் அது. வாயுக் குழாய், பிஸ்டன் எதுவும் கிடையாது. கூட்டைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் போல்ட்டை இரண்டு உருளைகள் சற்று நேரம் தாமதப்படுத்திப் பின்னால் விடுகின்றன. அழுத்தம் முழுதாக இறங்குமுன்பே கூடு நகரத் தொடங்குவதால், அது சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, தோட்டா உட்காரும் சேம்பருக்குள் நீளவாக்கில் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். அந்தப் பள்ளங்களின் வழியே வாயு புகுந்து கூட்டை மிதக்க விடுகிறது. அழகான யோசனை, எந்த மோசமான தோட்டாவையும் துப்பிவிடும். ஆனால் கூட்டின் மேல் கரிக்கோடுகள் வரிவரியாக விழும், வெளியேறும் வாயில் மோதி நடு உடம்பு நசுங்கும், அப்புறம் பத்துப் பதினைந்து கஜம் தள்ளிப் புல்லுக்குள் போய் விழும். சுடுதளத்தில் ஒரு நண்பர் தன் பிடிஆர்-91-ஐ இரண்டு மேகசின் சுடக் கொடுத்தார். நாற்பது கூட்டில் இருபத்தொன்பதைத் தேடி எடுத்தேன், பாதிக்கு மேல் ஒடுக்கு விழுந்திருந்தன. வெளியேறும் வாயில் ரப்பர் தாங்கி பொருத்தினால் ஒடுக்கு குறையும், நண்பரும் அதைப் பிறகு பொருத்தினார். கடைத் தோட்டா மட்டும் வாங்கிச் சுடுபவர் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம். பழைய ராணுவ மேகசின்கள் இதற்குக் கிடைக்கிற மலிவில் வேறெதற்கும் கிடைப்பதில்லை.

எம்1ஏ என் மனதைத் தொட்ட துப்பாக்கி. வால்நட் மரக்கட்டை, கையில் எடுத்தவுடன் தோளில் தானாக உட்காரும். 1957-இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற எம்14-இன் பொதுமக்கள் வடிவம். கூட்டை வலது முன்பக்கமாக எறியும், பொறுக்குவது சுலபம். பிரச்சினை கூட்டின் ஆயுளில். ராணுவச் சேம்பர் கொஞ்சம் தாராளமாக இருக்கும்; ஒவ்வொரு முறையும் கூடு நீளும்; நாலைந்து முறைக்குப் பிறகு அடிப்பகுதிக்குச் சற்று மேலே உள்பக்கம் மெலிந்து, ஒருநாள் இரண்டாகப் பிரியும். வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் தடவினால் அந்தப் பள்ளம் விரல்நுனிக்குத் தெரியும். இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. பிரைமரைக் குத்தும் இதன் ஃபைரிங் பின் ஸ்பிரிங் இல்லாமல் மிதக்கிறது; போல்ட் மூடும்போதே பிரைமரை லேசாகத் தொடும். கூட்டைச் சரியாக அளவுக்குக் கொண்டு வராமலோ, பிரைமர் விளிம்புக்கு மேலே நிற்கும்படியோ ரீலோட் செய்தால், விசையைத் தொடாமலே வெடிக்கிற ஆபத்து உண்டு. கடினமான ராணுவ வகைப் பிரைமர்தான் போட வேண்டும் என்று அனுபவஸ்தர்கள் சொல்வது இதனால்தான். கவனமாகச் செய்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இரவு பத்து மணிக்குக் கராஜில் உட்கார்ந்து ரீலோட் செய்கிற நான் அந்தக் கவனத்தை ஒவ்வொரு முறையும் உத்தரவாதமாகத் தர முடியுமா என்று யோசித்து ஒதுங்கினேன்.

எஃப்ஏஎல் விஷயத்தில் நெஞ்சு வேறு கணக்குப் போட்டது. ஊரில் ஆயுதப்படை போலீஸார் தோளில் பார்த்து வளர்ந்த எஸ்எல்ஆர், இதே குடும்பம். மேற்கு வங்கத்தில் இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. நான் எஃப்ஏஎல் சுட்டது இரண்டு நாள் மட்டும், அதுவும் இரவல் வாங்கி. அதனால் நீண்டகால உழைப்பைப் பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் கூடு விஷயத்தில் நான்கிலும் தொடக்கத்திலேயே புத்திசாலித்தனமாக வடிவமைத்தது இதுதான். வாயு சீராக்கி என்று ஒரு வளையம், துப்பாக்கியை இயக்கும் வாயுவில் எவ்வளவு வெளியே விடுவது என்பதை அது தீர்மானிக்கிறது. முழுக்கத் திறந்துவிட்டு ஒவ்வொரு தோட்டாவாகச் சுட்டு, காலி மேகசினில் போல்ட் பின்னால் நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வர வேண்டும். அதற்கு மேல் ஓரிரு சொடுக்கு, அவ்வளவுதான். கூடு சேதமில்லாமல் நாலைந்து அடி தள்ளி விழுகிறது.

பின் ஏன் வாங்கவில்லை? மேல்மூடி மெல்லிய தகடு, ஸ்கோப்புக்கு அதை மாற்றி உறுதியான மூடி போட வேண்டும். இரவில் உடல் வெப்பத்தைக் காட்டும் தெர்மல் ஸ்கோப் இல்லாமல் பன்றி வேட்டை நடக்காது, அதைக் கழற்றி மாட்டிய பிறகும் குறி அங்கேயே நிற்க வேண்டும். போதாததற்கு, மெட்ரிக், இஞ்ச் என்று இரண்டு வடிவங்கள். இஞ்ச் மேகசின் மெட்ரிக் துப்பாக்கியில் நுழையாது. பகலில் இரும்புக் குறியோடு சுடுகிறவருக்கு இதெல்லாம் தடையே இல்லை.

இனி ஏஆர்-10. யூஜின் ஸ்டோனர் 1950-களில் ஆர்மலைட்டில் வடிவமைத்தது, ஏஆர்-15 இதிலிருந்து சிறிதாக்கப்பட்டதுதான். மேல்புறம் முழுக்க ஸ்கோப் மாட்டும் தண்டவாளம், ஸ்கோப் கவலை தீர்ந்தது. கை பழகிய அதே விசை, அதே சேஃப்டி. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. வாயு தேவைக்கு மேல் பின்னால் வந்ததால் கூட்டின் அடியில், அதை வெளியே தள்ளும் எஜெக்டரின் வட்டத் தடம் பதிந்தது, விளிம்பு லேசாக வளைந்தது, கூடு முன்பக்கமாகத் தெறித்தது. முதல் இருபதைப் பார்த்துவிட்டு, தவறான முடிவெடுத்துவிட்டேனோ என்று இரண்டு நாள் உறங்கவில்லை.

தீர்வு எளிது. வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு வைத்த வாயு பிளாக் ஒன்றை மாற்றினேன், எஃப்ஏஎல்லில் கற்ற அதே முறையில் சரிசெய்தேன். போல்ட் பின்னால் வரும் வேகத்தைத் தணிக்கும் பஃபரையும் எடை கூடியதாக மாற்றினேன். இப்போது கூடுகள் வலப்பக்கம் பின்னால், இரண்டு கஜத்துக்குள் ஒரே குவியலாக விழுகின்றன. தார்ப்பாய் விரித்தால் தேடவே வேண்டாம். கூட்டின் தோள்பட்டையை ஆயிரத்தில் மூன்று பங்கு அங்குலம் (0.003) மட்டும் பின்னால் தள்ளி சைஸ் செய்கிறேன், அதாவது அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டு வருகிறேன், நீளம் 2.015 அங்குலத்தைத் தாண்டினால் வெட்டுகிறேன். என் முதல் நூறு கூடுகள் ஆறாவது சுற்றில் இருக்கின்றன, எட்டு மட்டும் கழுத்து வெடித்துக் குப்பைக்குப் போயின. இது ஒரே ஒரு துப்பாக்கியின் கணக்கு. உங்களுடையதில் கூடலாம், குறையலாம்.

ஏஆர்-10 வாங்குபவர் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். ஏஆர்-15 மாதிரி இதற்கு ஒரே தரவடிவம் கிடையாது. ஆர்மலைட், டிபிஎம்எஸ் என்று இரண்டு நிறுவனங்களின் வடிவங்கள், டிபிஎம்எஸ்ஸிலேயே மேல்பகுதி உயரம் இரண்டு வகை. இதைச் சரிபார்க்காமல் முன்கைப்பிடி ஒன்றை வரவழைத்தேன். அதன் தண்டவாளம் துப்பாக்கியின் தண்டவாளத்தைவிடத் தாழ்ந்து நின்றது. விற்றவர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். எஸ்ஆர்-25 வகை மேகசின் ஏற்கிற டிபிஎம்எஸ் வடிவமாகப் பார்த்து வாங்குங்கள், பிளாஸ்டிக் மேகசின்கள் எங்கும் கிடைக்கும். பிறகு 6.5 க்ரீட்மோர் ஆசை வந்தாலும் குழலை மட்டும் மாற்றினால் போதும், போல்ட்டும் மேகசினும் அதேதான்.

கரி படிவது உண்மை. வாயு நேராக உள்ளே வருவதால் எம்1ஏ, எஃப்ஏஎல் இரண்டையும்விட அழுக்கு அதிகம். நூற்றைம்பது ரவுண்டுக்கு ஒருமுறை போல்ட்டைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போடுகிறேன், அரை மணி நேர வேலை.

நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை: கிரீன் கார்டு இருந்தால் கடையில் துப்பாக்கி வாங்குவதற்கான 4473 படிவம் நிரப்பி வாங்கலாம். எச்-1பி போன்ற விசாவில் பொது விதி தடைதான். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. முதலில் அதைத் தெளிவாக்கிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இன்று புதிதாகத் தேடுபவர் என்றால் 2022-இல் வந்த ருகர் எஸ்எஃப்ஏஆரையும் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். 16 அங்குலக் குழலோடு மூன்று கிலோ சொச்சம்தான், வாயுவைச் சரிசெய்யும் அமைப்பும் கூடவே வருகிறது. ஆனால் போல்ட் அவர்களுடைய சொந்த அளவு, உதிரிக்கு அவர்களிடம்தான் போக வேண்டும். நான் அதில் இருபது ரவுண்டுதான் சுட்டேன், எடை குறைவால் தோளில் உதை நன்றாகவே தெரிந்தது. கூடுகளைப் பொறுக்கி அளவு பார்க்கும் கேஜில் போட்டுப் பார்க்க அன்று வெளிச்சம் இல்லை.